முதலில் இருட்டு, பிறகு சூடு, அப்புறம் நீர், கடைசியில்தான் தீனி

அடிபட்ட மடையான் கொக்கு ஒன்று ரோட்டோரம் கிடந்தால், பார்ப்பவர்கள் முதலில் அதன் வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுத்து பிஸ்கட்டைப் பிட்டுப் போடுவார்கள். பிறகு நாலு பேர் சுற்றி நின்று போனில் படம் எடுப்பார்கள். எல்லாமே நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் மூன்றுமே அந்தப் பறவையைக் கொல்லக்கூடியவை. பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. மேலிருந்து ஊற்றும் தண்ணீர் நேராக அதற்குள் இறங்கிவிடும். உடல் சில்லிட்ட நிலையில் வயிறு எதையும் செரிக்காது. சுற்றி நிற்கும் கூட்டம் அதன் கண்ணுக்கு வேட்டை விலங்குகளின் கூட்டம்தான்.

காட்டுயிர் மருத்துவம் நாய், மாட்டு மருத்துவத்திலிருந்து பிரிவது இங்கேதான். வீட்டு நாய்க்கு மனிதன் தொட்டால் ஆறுதல். காட்டுயிருக்கு அந்தத் தொடுதலே ஆபத்தின் அறிகுறி. அதனால் அது தன் நோயை மறைக்கும். ‘சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, கையில் எடுத்தால்கூடப் பேசாமல் இருக்கிறது’ என்று சொல்லப்படும் பறவை பெரும்பாலும் சாகக் கிடக்கும் பறவை. ஓடித் தப்பும் பலம் இருந்தால் அது கைக்கே வந்திருக்காது.

இன்னொரு வித்தியாசம், சிகிச்சையின் இலக்கு. மாடு பிழைத்து ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாலும் பால் கறக்கும். கரும்பருந்து பிழைத்து ஒரு இறக்கை முழுதாக விரியாமல் போனால் அந்தப் பிழைப்புக்குப் பொருளில்லை. ‘உயிர் பிழைக்குமா’ என்பதோடு நிற்காமல் ‘திரும்பிப் போய்த் தானே இரை தேடுமா’ என்று முதல் நாளே கேட்டாக வேண்டும்.

யாரிடம் சொல்வது

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர் அரசின் சொத்து. பிரிவு 39 சொல்வது எளிது: எந்த வழியிலாவது ஒரு காட்டுயிர் உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்கவும் வேண்டும். நடைமுறையில் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே போன் செய்துவிடுவதே நல்லது, 48 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் வரும் வண்டி ஆடு மாடுகளுக்கானது. மயிலுக்கோ உடும்புக்கோ அதை எதிர்பார்க்கக் கூடாது.

கடலூர், புதுச்சேரி எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கிருமாம்பாக்கமும் பாகூரும் புதுச்சேரி. இரண்டுக்கும் வனத்துறை வேறு வேறு. எல்லை தாண்டிக் காட்டுயிரைக் கொண்டுபோக அனுமதி தேவை. ரெட்டிச்சாவடியில் கிடைத்த ஆந்தையை குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது மருத்துவ ரீதியாகச் சரியான யோசனையே. ஆனால் கடலூர் வனத்துறையிடம் சொல்லி அனுமதி பெற்று, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

உதவி வேண்டாத உயிர்கள்

மார்ச் தொடங்கி ஜூலை வரை கொண்டுவரப்படும் குஞ்சுகளில் கணிசமானவற்றுக்கு மருத்துவரே தேவையில்லை. உடம்பு முழுக்க இறகு, கட்டை வால், தத்தித் தத்தி நடக்கிறது, கண் பளிச்சென்று இருக்கிறது என்றால் அது கூட்டைவிட்டு வெளியேறிப் பறக்கப் பழகும் குஞ்சு. தாய் தகப்பன் பக்கத்திலேயே இருந்து ஊட்டும். நாய், பூனை எட்டாத புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு 20, 30 அடி தள்ளிப் போய் இரண்டு மணி நேரம் கவனித்தால் போதும். காகம் விரட்டிக்கொண்டே ஊட்டுகிற குயில் குஞ்சைப் பார்த்து ‘காகம் கொத்துகிறது’ என்று எடுத்து வருவது அடிக்கடி நடக்கிறது.

இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைப்பதுதான் சிகிச்சை. மனிதன் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பறவைகளைப் பொறுத்தவரை உண்மையில்லை. கூடு விழுந்துவிட்டிருந்தால் ஓட்டை உள்ள சிறு பிளாஸ்டிக் கூடையில் தேங்காய் நாரோ காய்ந்த புல்லோ போட்டு, அதே மரத்தில் நிழலாகக் கட்டிவிடலாம். ஓட்டை அவசியம், மழைநீர் வடிய வேண்டும். அணில் குட்டியும் அப்படித்தான்: வெதுவெதுப்பாக வைத்து, விழுந்த இடத்துக்கருகே விட்டால் தாய் வாயில் கவ்வித் தூக்கிப் போகும். அதற்குப் பசும்பால் ஊற்றினால் வயிற்றுப்போக்கில் போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்து இங்க் ஃபில்லரில் ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய், இரண்டு மூன்று நாளில் நிமோனியா வரும்.

பிடிப்பதும் பெட்டியும்

ஒரு துண்டை விரித்துப் பறவையின் தலையோடு சேர்த்து மூடுங்கள். கண்ணை மறைத்தாலே பாதி துடிப்பு அடங்கும். இறக்கைகளை உடம்போடு அணைத்துப் பிடிக்கலாம், நெஞ்சை மட்டும் அமுக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்த பிடியிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆந்தை, பருந்துக்குக் காலைப் பிடிக்க வேண்டும், ஆபத்து அலகில் இல்லை, நகத்தில். மடையான், வக்கா, கொக்கு இனங்கள் கண்ணைக் குறிவைத்துக் குத்தும் என்பதால் அலகைப் பிடித்தே ஆக வேண்டும், கண்ணாடி அணிந்திருந்தால் நல்லது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் இதில் விதிவிலக்கு. அவற்றின் வெளி நாசித்துளைகள் அடைபட்டவை, வாயால்தான் மூச்சு விடுகின்றன. ரப்பர் பேண்டோ டேப்போ போட்டு அலகைக் கட்டினால் வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது உயிர் இருக்காது. அலகுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும்.

பெட்டி என்றால் அட்டைப்பெட்டிதான். கம்பிக்கூண்டு வேண்டாம்: இறகு முறியும், அலகு கிழியும், நாலு பக்கமும் ஆள் தெரியும். பறவை நின்று திரும்பும் அளவு போதும், பறக்கிற அளவு பெரிதாக இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கீழ்ப்பாதியில் பென்சில் அளவு ஓட்டைகள். அடியில் பழைய வேட்டித் துணி விரிக்கலாம். செய்தித்தாள் வழுக்கும், கால் அகன்று போகும். நூல் வளையம் நீட்டிக்கொண்டிருக்கும் டர்க்கி டவலில் நகம் மாட்டும். பெட்டி மேல் கிடைத்த இடம் (ஊர் பெயர் மட்டும் போதாது, எந்தத் தெரு, எந்த ஏரிக்கரை), தேதி, நேரம், என்ன நடந்தது, என்ன கொடுத்தோம் என்று மார்க்கரில் எழுதுங்கள். குணமான பிறகு எங்கே விடுவது என்பதற்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

மூடிவிட்டால் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். வண்டியில் பாட்டு வேண்டாம். மான், காட்டு முயல், நீண்ட கால் உள்ள நாரை இனங்களில் துரத்திப் பிடிப்பதே தனி நோயாக மாறும். தசைகள் எல்லை மீறி உழைத்து அமிலம் தேங்கி, தசைநார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். பிடித்த அன்றே சாகலாம், காயம் ஆறி வரும்போது பத்து நாள் கழித்தும் சாகலாம். இதற்கு நம்பகமான மருந்து கிடையாது. நாய் துரத்திய புள்ளிமானை ஊரே சேர்ந்து மறுபடி துரத்திப் பிடிப்பதைவிட, நாய்களை விலக்கிவிட்டு வனத்துறை வரும்வரை தூரத்தில் நிற்பது அதற்கு மேலான சிகிச்சை.

ஏன் அந்த வரிசை

இருட்டில் அரை மணி நேரம் விட்ட பிறகுதான் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர இடம் இருக்கும். வளர்ந்த பறவைக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், இறகில்லாக் குஞ்சுக்கு 32 முதல் 35 வரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது உயிர் காக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் கரையேறியது இந்தப் பகுதியில்தான். அப்படிப்பட்ட நாளில் நனைந்து விறைத்த பறவைக்கு முதலில் துண்டால் ஒற்றி ஈரம் எடுப்பதும் சூடும் தவிர வேறெதுவும் அவசரமில்லை.

அக்னி நட்சத்திர வெயிலில் கதை தலைகீழ். அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருக்கும் பறவைக்குச் சூடு கொடுத்தால் முடிந்தது. நிழல், காற்று, காலிலும் இறக்கைக்கு அடியிலும் சாதாரணத் தண்ணீர்த் தெளிப்பு. ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது, தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி உள்சூடு உள்ளேயே தங்கும்.

அடுத்து நீர். அடிபட்டு வந்த பறவை உடல் எடையில் 10 சதவீதம் நீர் இழந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது மருத்துவர்களின் வழக்கம். 250 கிராம் மடையானுக்கு இழப்பு 25 மி.லி. அதோடு அன்றாடத் தேவை கிலோவுக்கு சுமார் 50 மி.லி., ஆக இதற்கு 12.5 மி.லி. இழப்பில் பாதியை முதல் நாளிலும் மீதியை அடுத்த இரண்டு நாளிலும் ஈடுகட்ட வேண்டும். அப்படியானால் முதல் நாள் மொத்தம் 25 மி.லி., அதை நான்கைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும். தலையை நிமிர்த்தி, விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் வாய் வழி. அதுவும் மருத்துவரோ பழகியவரோ குழாய் வழியாக இரைப்பைக்கே கொடுப்பதுதான் பாதுகாப்பு. மற்றபடி தொடைக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள தளர்ந்த தோலுக்கு அடியில் வெதுவெதுப்பான ரிங்கர் லாக்டேட் (ஊசி வழி ஏற்றும் உப்புக் கரைசல்). கழுத்துத் தோலுக்கடியில் போடக் கூடாது, அங்கே காற்றுப்பை இருக்கிறது. எலும்புக்குள் ஊசி செலுத்த நேர்ந்தால் முன்கை எலும்பிலோ கீழ்க்கால் எலும்பிலோதான். மேற்கை, தொடை எலும்புகள் பல பறவைகளில் காற்று நிரம்பியவை, காற்றுப்பைகளோடு தொடர்புள்ளவை. அதற்குள் சலைன் ஏற்றுவது பறவையை உள்ளிருந்தே மூழ்கடிப்பது.

உடல் சூடாகி, நீர் ஏறி, எச்சம் விழுந்த பிறகுதான் தீனி. பல நாள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்த கடற்பறவைக்கு முதல் வேளையே முழு மீன் கொடுத்தால், ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரென்று சரிந்து இதயம் நிற்கலாம். நீர்த்த திரவ உணவில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் மீனுக்கு வர வேண்டும். கூகைக் குஞ்சுக்கும் பருந்துக்கும் எலும்பில்லாத கோழிக்கறி போட்டு வளர்ப்பது இன்னொரு பரவலான தவறு. கறியில் கால்சியம் மிகக் குறைவு, இரண்டு மூன்று வாரத்தில் கால் எலும்பு வளைந்துவிடும். எலும்பு, ரோமம், குடல் எல்லாம் சேர்ந்த முழு எலியோ கோழிக்குஞ்சோதான் அவற்றுக்குச் சாப்பாடு.

மாட்டாஸ்பத்திரி மருந்து அலமாரியில் கவனம்

கடலூர் மாவட்டத்தில் அடிபட்ட காட்டுயிர் முதலில் போய்ச் சேர்வது பெரும்பாலும் கிராமத்துக் கால்நடை மருந்தகத்துக்கு. அங்கே உள்ள மருந்துகள் மாட்டை மனதில் வைத்து வாங்கியவை. மருத்துவர் கெட்டிக்காரராக இருந்தாலும், ஏழெட்டு மருந்துகளின் விஷயத்தில் மாட்டுப் பழக்கம் ஆளை ஏமாற்றும்.

ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு விஷம். ஆமையின் உண்ணிக்கு அதைப் போட்டால் தசை செயலிழந்து சாகும். புரோகெய்ன் கலந்த பென்சிலின் சிறு பறவைகளுக்கு நச்சு. வலி மருந்தான டைக்ளோபினாக் பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து இனத்தையே சரித்ததால் 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடையானது. அதே வகையைச் சேர்ந்த கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-இல் தடைசெய்யப்பட்டன. எந்தப் பறவைக்கும் வலி மருந்து என்றால் மெலாக்சிகாம்தான், கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி., அதுவும் நீர் ஏறிய பிறகு. அதிர்ச்சிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுவது பழைய பழக்கம். பறவையில் அது எதிர்ப்புச் சக்தியை இறக்கி, நுரையீரலில் பூஞ்சை வளர வழிவிடும். பலன் குறைவு, கெடுதல் அதிகம்.

மருந்து சரியாக இருந்து அளவு தப்புவது இதைவிட அதிகம். மெலாக்சிகாம் ஊசி மருந்து மி.லி.க்கு 5 மி.கி. என்று வருகிறது. கிலோவுக்கு 1 மி.கி. கணக்கில் 25 கிராம் சிட்டுக்குருவிக்கு வேண்டியது 0.025 மி.கி., அதாவது 0.005 மி.லி. எந்த சிரிஞ்சிலும் அதை அளக்க முடியாது. 0.1 மி.லி. மருந்தோடு 0.9 மி.லி. சலைன் சேர்த்துப் பத்து மடங்கு நீர்க்க வைத்தால் வேண்டியது 0.05 மி.லி. இதை இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. யூ-100 சிரிஞ்சில் (மி.லி.க்கு 100 யூனிட்) 0.05 மி.லி. என்பது 5 யூனிட் கோடு, யூ-40 சிரிஞ்சில் (மி.லி.க்கு 40 யூனிட்) 2 யூனிட் கோடு. சிவப்பு மூடி யூ-40 சிரிஞ்சில் 5 யூனிட் கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். எடை பார்க்காமல் ‘சின்னப் பறவைதானே, கொஞ்சமாகப் போடுங்க’ என்பது மருத்துவமே அல்ல. ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு மருந்தகத்தில் காட்டுயிர்ச் சிகிச்சை மேம்பட வேண்டுமானால் எக்ஸ்ரே கருவிக்கு முன்னால் வாங்க வேண்டியது அந்தத் தராசைத்தான்.

அடுத்ததாக, நாய் குரைக்காத ஒரு சிறு அறை. கதவு, இருட்டுத் திரை, வெப்பமானி போதும். சுவரில் எடை வாரியாக நீர்ப்புப் பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும், அவசரத்தில் யாரும் மனக்கணக்குப் போடக் கூடாது. முகமூடி வழியே ஐசோஃபுளுரேன் மயக்கம் கொடுக்கும் வசதி இருந்தால் சிகிச்சையின் தரம் ஒரு படி ஏறும். இல்லாத இடத்தில் எலும்பு அறுவையை முயலாமல், நிலைப்படுத்தி வலி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதே கௌரவம்.

பூனை கடித்த பறவைக்கு ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது. பல் பதிந்த இடம் ஊசிமுனை அளவே தெரியும். பூனையின் வாயில் உள்ள பாஸ்டுரெல்லா கிருமி ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பரவிக் கொல்லும். ‘காயமே இல்லை, விட்டுவிடலாம்’ என்று விட்டவை புதரில் சாகும். மின்சாரம் தாக்கிய பழந்தின்னி வௌவால், காகம், பருந்து இவற்றில் இதற்கு நேரெதிர்: முதல் நாள் நன்றாகத் தெரியும் இறக்கை நான்காம் நாளில் கறுத்து, பத்தாம் நாளில் உலர்ந்து போகும். ரத்தக்குழாய் உள்ளே கருகியிருப்பது மெதுவாகத்தான் வெளியே தெரியும். பத்து நாள் பார்க்காமல் அதை விடவும் கூடாது, நம்பிக்கை சொல்லவும் கூடாது.

இறக்கை முறிவு

பறவை எலும்பு வேகமாகக் கூடும், மூன்று வாரத்தில் கெட்டிப்படும். நல்ல செய்திதான், ஆனால் கோணலாகவும் அதே வேகத்தில் கூடிவிடும். முழங்கைக்குக் கீழே முறிவு என்றால் எட்டு வடிவக் கட்டு. மேற்கை எலும்பு முறிவு என்றால் அந்தக் கட்டோடு உடம்பையும் சேர்த்துச் சுற்ற வேண்டும், மார்பு அசைய இடம் விட்டு. தன்மேல் தானே ஒட்டும் பேண்டேஜ் நல்லது. பிளாஸ்திரி இறகோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது பிய்த்துக்கொண்டு வரும். கட்டை மூன்று வாரம் தொடாமல் விட்டால் எலும்பு கூடும், இறக்கையின் முன்விளிம்புச் சவ்வு சுருங்கிவிடும். அப்புறம் அது பறவை வடிவில் உள்ள கோழி. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கட்டைப் பிரித்து, முடிந்தால் மயக்கத்தில், இறக்கையை மெதுவாக விரித்து மடக்கிவிட்டு மீண்டும் கட்ட வேண்டும்.

மாஞ்சா நூல் அறுப்பதும் இதே சவ்வைத்தான். கிழிந்த ஓரம் காய்ந்துபோனால் வெட்டி எடுக்க நேரும், வெட்டிய அளவுக்கு இறக்கை விரியாது. எனவே கிடைத்த நேரத்திலேயே சலைனில் நனைத்த துணியை வைத்து ஈரம் காக்க வேண்டும். நூலை இழுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு அப்படியே கொண்டு வாருங்கள். காயத்தைச் சுற்றிய சிறு இறகுகளைப் பிடுங்கலாம், சில வாரத்தில் முளைக்கும். கத்தரித்தால் அடுத்த இறகுதிர்ப்புவரை அடிக்கட்டை அப்படியே நிற்கும். பெரிய பறப்பிறகுகளைப் பிடுங்கவும் கூடாது.

வயலில் விழுந்த மயில்

பூச்சிமருந்து கலந்த விதையைத் தின்று விழும் மயில்கள் இந்த மாவட்டத்தில் புதிதல்ல. வாயில் கோழை வடியும், கண்மணி சுருங்கும், உடல் நடுங்கும், கழிச்சல் இருக்கும். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை விஷம் என்றால் முறிமருந்து அட்ரோபின், கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. நாலரைக் கிலோ மயிலுக்குக் குறைந்தபட்ச அளவே 0.9 மி.கி. கைக்குக் கிடைக்கும் 0.6 மி.கி. ஆம்பூல் ஒன்றைப் போட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று கைவிடுவது அளவு தெரியாமல் நடப்பது. கோழை வடிவது நிற்கிறதா, மூச்சு இளகுகிறதா என்று பார்த்துத் திரும்பப் போட வேண்டும்.

கழுத்து திருகி, வட்டமடித்துச் சுற்றும் மயிலோ புறாவோ வந்தால் அடி என்று முடிவுகட்ட வேண்டாம். கோழிகளைத் தாக்கும் ராணிக்கெட் நோயின் குடும்ப வைரஸாக இருக்கலாம். கோழிப்பண்ணைக்காரர் கையில் கொடுக்காமல், தனி அறையில், தனி கையுறையோடு பாருங்கள். ஊசுட்டேரியிலோ பெருமாள் ஏரியிலோ ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் ஒன்றையும் தொடாமல் கால்நடைத்துறைக்குச் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சலுக்கான மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் வரை போகும், நாம் மூட்டையில் கட்டிக் கொண்டுவந்தால் கிருமியும் கூடவே வரும்.

கரையில் ஆமை

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. இரவில் ஏறி, குழி தோண்டி, முட்டையிட்டு, தானே திரும்பும் ஆமைக்கு வெளிச்சமும் கூட்டமும் இல்லாமல் இருந்தாலே போதும். பகலில், தோண்டும் முயற்சி இல்லாமல், ஓட்டில் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) மூடிக்கிடக்கும் ஆமை வேறு விஷயம், அது நோயாளி. அதைத் தேவனாம்பட்டினம் கரையில் நாலு பேர் சேர்ந்து அலைக்குள் தள்ளிவிட்டால் புண்ணியம் சேராது. நீந்த முடியாமல்தான் அது கரை ஏறியிருக்கிறது. ஆமைக்கு நுரையீரல்தான், தண்ணீருக்கு வெளியே அதற்கு மூச்சு முட்டாது. நிழலில் வைத்து, ஈரச்சாக்கால் ஓட்டையும் துடுப்புகளையும் மூடி (நாசியை மூடாமல்) வனத்துறைக்குச் சொன்னால் போதும்.

வலையில் மூழ்கி அசைவற்று வந்த ஆமையைச் செத்தது என்று கடலில் எறிவது மீன்பிடிப் படகுகளில் நடக்கும் பெரிய இழப்பு. அது மயக்கத்தில் இருக்கலாம். வயிற்றுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியைக் குறைந்தது 15 செ.மீ. உயர்த்த வேண்டும், நுரையீரல் நீர் வடியும். மல்லாத்தக் கூடாது, தொட்டித் தண்ணீரில் போடக் கூடாது. அவ்வப்போது கண்ணோரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டால் அசைவு இருக்கிறதா என்று தெரியும். 4 மணி நேரத்திலும் எழலாம், 24 மணி நேரமும் ஆகலாம். துறுதுறுவென்று தலையைத் தூக்கி மூச்சு விட்ட பிறகு, இன்ஜினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாகத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி இறக்கலாம். வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்கவே கூடாது. மறுமுனை குடலுக்குள் இருந்தால் இழுக்கிற இழுப்பில் குடல் கிழியும்.

ஓடு உடைந்த நன்னீர் ஆமைக்குப் பசை பூசி அடைப்பதும் வேண்டாம். அழுக்கு உள்ளே அடைபட்டுச் சீழ் கட்டும். கழுவி, ஈரக்கட்டுப் போட்டு, சுத்தமான பிறகுதான் இணைப்பு. துடுப்பு இல்லாமல் கால்விரலும் நகமும் இருந்தால் அது கடலுக்குரியதல்ல. நிலத்தில் வாழும் நட்சத்திர ஆமையைக் கிணற்றில் விட்டு மூழ்கடித்தவர்களும் குளத்து ஆமையைக் கடலில் விட்டவர்களும் நல்லது செய்ததாகவே நினைத்திருப்பார்கள்.

பாலூட்டி, பாம்பு

கீரி, நரி, குரங்கு, வௌவால் என எந்தப் பாலூட்டி கடித்தாலும், பிராண்டினாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். வனத்துறையிலும் மருந்தகத்திலும் இவற்றைக் கையாளுபவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருப்பது சிகிச்சைத் தரத்தின் ஒரு பகுதிதான். பயந்த கையால் பிடிக்கப்படும் விலங்குக்கு அடி கூடும்.

நைலான் வலையில் சிக்கிய சாரைப்பாம்பை அறுத்து விடுவித்த உடனே விட்டுவிடுகிறார்கள். இறுகிய இடத்தில் தோலும் தசையும் சாவது ஓரிரு நாள் கழித்துத் தெரியும், குறைந்தது அதுவரை வைத்துப் பார்க்க வேண்டும். ஊர்வனவற்றுக்கு 28 முதல் 32 டிகிரி சூடு இல்லாமல் மருந்து வேலை செய்யாது. செஃப்டாசிடிம் போன்ற ஆன்டிபயாடிக்கை மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடுவார்கள், தினமும் போடுவது அதற்கு அதிகம். நச்சுப்பாம்பு என்றால் பயிற்சி பெற்றவர் மட்டும்.

விடுவதும், விட முடியாததும்

முதுகெலும்பு முறிந்தது, இரு கண்ணும் போனது, மூட்டிலேயே எலும்பு வெளிவந்து காய்ந்துபோனது என்றால் முதல் நாளே முடிவு எடுக்க வேண்டும். வலியில்லாமல் உயிரை முடிப்பதும் சிகிச்சையின் பகுதியே. ஆனால் அது மருத்துவரின் தனி முடிவல்ல, சட்டத்தின் பிரிவு 11-இன்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் வழியாக அனுமதி வேண்டும். இந்த அனுமதி வர நாலு நாள் ஆகும் நிலை இருந்தால், அந்த நாலு நாள் வலியும் சிகிச்சையின் குறைபாட்டில்தான் சேரும். மாவட்ட அளவில் போனில் கேட்டுப் பதிவு செய்யும் ஒழுங்கு இருந்தால் இது மாறும். இறக்கை போன கிளியை ‘நானே வளர்க்கிறேன்’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

விடுவதற்கு முன் பறவை நீள்கூண்டில் மூச்சு வாங்காமல் பலமுறை பறந்து திரும்ப வேண்டும், இறகில் நீர் ஒட்டாமல் இருக்க வேண்டும், எடை தேறியிருக்க வேண்டும். பகல் பறவையைக் காலையில், ஆந்தையையும் வௌவாலையும் அந்தியில், கிடைத்த அதே இடத்துக்கருகில் விட வேண்டும்.

செத்துப்போனதைக் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டாம். பிணமும் அரசின் சொத்து, அதைவிட முக்கியமாக அதில் விடை இருக்கிறது. பாலித்தீன் பையில் இரண்டு உறையாகக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைத்தால் திசு சிதைந்து நோய் கண்டுபிடிப்பது கடினமாகும். விஷம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இரைப்பையில் உள்ளதைத் தனியே எடுத்து உறைய வைத்து, வனத்துறை மூலம் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பையின் மேலும் உள்ளேயும் இடம், தேதி, நேரம் எழுதிய சீட்டு இருக்கட்டும். உள்ளே வைப்பதைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.